கணைய நீர்க்கட்டி சாதாரணமானதுதான் என்று எண்டோ அல்ட்ராசவுண்ட் உறுதியாகச் சொல்லுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதம் இது. அம்மாவுக்கு 58 வயது. பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்கப் போன இடத்தில், கணையத்தின் நடுப்பகுதியில் 22 மில்லிமீட்டர் நீர்க்கட்டி ஒன்று தற்செயலாகத் தென்பட்டது. எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அதிலும் ‘சாதாரணக் கட்டியாக இருக்கலாம், உறுதிசெய்ய எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட் தேவை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதைச் செய்தால் புற்றுநோய் இல்லை என்று உறுதியாகிவிடுமா, ஊசி குத்தப் போய் இல்லாத வினையை இழுத்துவிட்டதாக ஆகிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ‘இனி இதை மறந்துவிடலாம்’ என்று யாராவது கையெழுத்துப் போட்டுத் தருவார்களா என்பதுதான் இந்தக் கேள்விகளுக்கு அடியில் இருப்பது. சில வகை நீர்க்கட்டிகளுக்குத் தரலாம், சில வகைகளுக்குத் தர முடியாது. எது எந்த வகை என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்தப் பரிசோதனையின் முதல் வேலை. நான் குடல், கணைய நோய்களைப் பார்க்கும் மருத்துவன். இந்தக் கருவியோடுதான் என் அன்றாடப் பிழைப்பு. ஆனால் அம்மாவின் படங்களை நான் பார்த்ததில்லை. ஆகவே கீழே இருப்பதை உங்கள் மருத்துவரிடம் பேசுவதற்கான பின்னணியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எண்ணிக்கையைப் பார்ப்போம், பயம் கொஞ்சம் தணியும். கணையத்தில் நீர்க்கட்டி அபூர்வம் என்று பாடப்புத்தகங்கள் சொன்ன காலம் உண்டு. ஸ்கேன் கருவிகள் நுட்பமாக ஆக ஆக அது பழங்கதையாகிவிட்டது. வேறு காரணங்களுக்காக சி.டி. எடுத்தவர்களின் படங்களை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் ஆராய்ந்து 2008-ல் வெளியிட்டபோது, 2.6 சதவீதம் பேரிடம் நீர்க்கட்டி இருந்தது. ஜெர்மனியின் பொமரேனியாப் பகுதியில் பொதுமக்களை எம்.ஆர்.ஐ.யில் பார்த்த ஆய்வு 2018-ல் வந்தது. அதில் 49 சதவீதம் பேரிடம் ஏதாவதொரு நீர்க்கட்டி. 2 மில்லிமீட்டர் புள்ளியைக்கூடக் கணக்கில் சேர்த்தால் அப்படித்தான் வரும். வயது ஏற ஏற இந்த எண்ணிக்கையும் ஏறுகிறது. இப்படித் தற்செயலாக எம்.ஆர்.ஐ.யில் தெரியும் கட்டி அந்த நேரத்தில் பரவும் தன்மையுள்ள, சளி சுரக்கும் வகைப் புற்றாக இருக்கும் வாய்ப்பு ஒரு லட்சத்தில் சுமார் 10 என்று அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கம் 2015-ல் மதிப்பிட்டது. இந்த எண்ணை அப்படியே அம்மாவுக்குப் பொருத்திவிடாதீர்கள். 4 மில்லிமீட்டர் கட்டியும் 22 மில்லிமீட்டர் கட்டியும் அந்தச் சராசரிக்குள் ஒன்றாகவே கிடக்கின்றன. இருந்தாலும் இணையத்தில் ‘கணையம்’ என்று தேடினால் வந்து மிரட்டுகிற செய்திகள் எல்லாம் வேறு நோயைப் பற்றியவை என்பது புரிந்தால் போதும்.

வயிற்றின் மேல் கருவியை வைத்து எடுக்கும் சாதாரண ஸ்கேனுக்குக் கணையம் எளிதில் அகப்படாது. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிப் படுத்திருக்கும் உறுப்பு அது. முன்னால் இருக்கும் குடல் காற்று ஒலியலையை மறித்துவிடும். எண்டோ அல்ட்ராசவுண்டில், அதாவது நாங்கள் இ.யு.எஸ். என்று சொல்வதில், ஒலியலைக் கருவி எண்டோஸ்கோப்பின் நுனியிலேயே இருக்கிறது. வாய் வழியாக இரைப்பைக்குள் இறக்கி, இரைப்பைச் சுவரில் நுனியைச் சாய்த்தால் கணையத்தின் உடலும் வாலும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தொலைவில் நிற்கும். சிறுகுடலின் தொடக்கத்துக்குப் போனால் தலைப்பகுதி. தூரம் குறைவு என்பதால் அதிக அதிர்வெண் அலைகளைப் பயன்படுத்த முடிகிறது, ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் விவரங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. நோயாளி இடப்பக்கமாகப் படுத்திருப்பார், மயக்க மருந்து கொடுத்திருப்பதால் பெரும்பாலும் எதுவும் நினைவிருக்காது. அரை மணி நேரம், ஊசி போட்டால் இன்னும் கொஞ்சம்.

படம் திரையில் வந்ததும் நான் தேடுவது நான்கைந்து விஷயங்கள்தான். கட்டி ஒற்றை அறையா, பல அறைகளா. அறைகள் பெரியவையா, பொடியவையா. சுவர் மெல்லியதா, ஓரிடத்தில் தடித்திருக்கிறதா, உள்ளே ஏதாவது முளைத்து நிற்கிறதா. கணையத்தின் முதன்மை நாளம், அதாவது செரிமான நீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் குழாய், விரிந்திருக்கிறதா, கட்டி அந்த நாளத்தோடு தொடர்பு வைத்திருக்கிறதா. சுற்றியுள்ள கணையத் திசு ஆரோக்கியமாக இருக்கிறதா, அழற்சிபட்டுச் சிதைந்திருக்கிறதா. கடைசியாகச் சொன்னதைப் பலர் சரியாகக் கவனிப்பதில்லை; கட்டியைச் சுற்றியிருப்பதும் கட்டியைப் பற்றி நிறையச் சொல்லும்.

நிம்மதியாக எழுதிக் கொடுக்கக்கூடிய முதல் வகை சீரஸ் சிஸ்டடினோமா, அதாவது சளி சுரக்காமல் தெளிந்த நீர் மட்டும் நிரம்பிய கட்டி. பெரும்பாலும் அறுபதை ஒட்டிய பெண்களிடம் வருகிறது. நல்ல உதாரணமாக அமைந்தால் திரையில் தேனடை போலவே இருக்கும்: சில மில்லிமீட்டர் அளவில் நெருக்கமான அறைகள், நடுவில் ஒரு தழும்பு, சில நேரம் அதில் சுண்ணாம்புப் படிவு. அந்த நடுத்தழும்பு ஏறக்குறைய மூன்றில் ஒருவரிடம்தான் தெரியும். தெரிந்தால் வேறு சாட்சி தேவையில்லை. உலகின் பல மருத்துவமனைகளிலிருந்து 2,622 நோயாளிகளைத் திரட்டி 2016-ல் வெளியான தொகுப்பில், இந்த வகை புற்றாக மாறியது 0.1 சதவீதம் மட்டுமே. தொந்தரவு தராதவரை இதை அறுக்க வேண்டியதில்லை, ஊசி போடக்கூடத் தேவையில்லை. சிக்கல் எங்கே வருகிறது என்றால், இதே வகை சிலரிடம் இரண்டு மூன்று பெரிய அறைகளோடு வரும். அப்போது சளி சுரக்கும் வகையிலிருந்து கண்ணால் மட்டும் பிரிப்பது கடினம். அறைகள் மிக மிகப் பொடியாக இருந்தாலோ, சுவர்களெல்லாம் சேர்ந்து திடமான கட்டி போலத் தோன்றி வேறு விதமாகக் குழப்பும்.

இரண்டாவது, கணைய அழற்சிக்குப் பின் வரும் போலி நீர்க்கட்டி. இதற்குச் செல்களாலான உள்பூச்சே கிடையாது, ஆகவே புற்றாக மாறுவதற்கு உள்ளே எதுவும் இல்லை. ஆனால் இதைக் கண்டுபிடிப்பதில் கருவியைவிட நோயாளியின் கதை முக்கியம். கடும் வயிற்றுவலியோடு மருத்துவமனையில் படுத்திருந்தாரா, மதுப் பழக்கம் உண்டா, பித்தக் கல் உண்டா, விபத்தில் வயிற்றில் அடிபட்டதா? இவை எதுவும் இல்லாத ஒருவரிடம் ‘போலி நீர்க்கட்டி’ என்று அறிக்கை வந்தால் நான் நம்பத் தயங்குவேன். எங்கள் பக்கத்தில் கூடுதலாக ஒன்றையும் கேட்போம். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் மது தொடாதவர்களுக்கே, இளம் வயதிலேயே, கணைய நாளத்தில் பெரிய பெரிய கற்களோடு நாள்பட்ட அழற்சி வருவது நீண்ட காலமாக அறியப்பட்டது; சர்க்கரை நோயும் கூடவே வரும். அப்படிப்பட்ட கணையத்தில் தெரியும் நீர்க்கட்டியைப் பார்க்கும் கண்ணே வேறு. அரிதாகக் காசநோயும் கணையத்தில் உட்கார்ந்துகொண்டு நீர்க்கட்டி வேஷம் போடும். ஐரோப்பிய வழிகாட்டுதலை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டால் இந்த இரண்டும் நினைவுக்கு வராது.

இனி கையெழுத்துப் போட முடியாத வகைகள். சளி சுரக்கும் கட்டிகள் இரண்டு உண்டு. எம்.சி.என். என்பது கிட்டத்தட்ட முழுக்கப் பெண்களிடம், நாற்பது ஐம்பது வயதுகளில், கணையத்தின் உடலிலோ வாலிலோ ஒற்றைக் கட்டியாக வரும். நாளத்தோடு தொடர்பு இருக்காது. ஐ.பி.எம்.என். என்பது நாளத்தின் உள்பூச்சிலிருந்தே எழுவது, ஆண் பெண் இருவருக்கும் வரும், பெரும்பாலும் அறுபதுக்கு மேல். முதன்மை நாளத்தையே பிடித்திருந்தால் அது கவலைக்குரியது. அறுவை செய்து எடுத்துப் பார்த்த தொகுப்புகளில் பாதிக்கும் மேல் முற்றிய மாற்றங்களோ புற்றோ இருந்திருக்கின்றன. கிளை நாளத்தோடு நின்றுவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறைகிறது, அநேகம் பேர் அதோடு ஆயுள் முழுக்க வாழ்கிறார்கள். ‘இன்று புற்றில்லை’ என்று இந்த இரண்டுக்கும் சொல்லலாம், ‘என்றும் வராது’ என்று சொல்ல முடியாது. அறிக்கையில் ‘சாதாரணக் கட்டி’ என்று படிக்கும் குடும்பத்தாருக்கு இந்த வேறுபாட்டை யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. இளம் பெண்களிடம் வரும் திடமும் நீரும் கலந்த இன்னொரு கட்டியும், நீர்க்கட்டியாக மாறிய நரம்பு நாளமில்லாச் சுரப்பிக் கட்டியும் உண்டு. அம்மாவின் வயதுக்கும் நீங்கள் சொன்ன வர்ணனைக்கும் அவை முன்வரிசையில் வருவதில்லை.

இந்தச் சளிக் கட்டிகளில் இ.யு.எஸ். மற்ற எந்தப் படத்தையும்விட நன்றாகச் செய்யும் காரியம் ஒன்று உண்டு. உள்சுவரில் ஒரு முண்டு தெரிந்தால் அது உண்மையில் வளர்ந்த திசுவா, ஒட்டிக்கொண்டிருக்கும் சளி உருண்டையா என்று பிரிப்பது. சளி உருண்டைக்கு விளிம்பு வழவழப்பாக, வெளிச்சக் கோடு போட்டது போல இருக்கும், நடுவில் கருமை. நோயாளியைக் கொஞ்சம் புரட்டினாலோ ஊசி நுனியால் தட்டினாலோ நகர்ந்துவிடும். திசு முண்டு நகராது, விளிம்பு ஒழுங்கற்று இருக்கும். சந்தேகம் தீராவிட்டால் நரம்பு வழியாக நுண்குமிழி மருந்து செலுத்திப் பார்ப்போம்: ரத்த ஓட்டம் உள்ள முண்டு மின்னும், சளி இருளாகவே நிற்கும். இந்த ஒரு கேள்விக்காகவே பரிசோதனைக்குப் போகலாம் என்பது என் கருத்து. 5 மில்லிமீட்டருக்கு மேல் ரத்த ஓட்டமுள்ள முண்டு என்றால் பேச்சு நேராக அறுவை சிகிச்சைப் பக்கம் திரும்பும். சளிதான் என்று தெரிந்தால் ஒரு பெரிய அறுவை தப்பும்.

ஆனால் கண்ணை மட்டும் நம்புவதற்கு எல்லை உண்டு. 2004-ல் அமெரிக்காவில் பல மையங்கள் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தின. அறுவை செய்து உறுதிப்படுத்திய கட்டிகளை வைத்துப் பார்த்தபோது, சளி வகையா இல்லையா என்பதை இ.யு.எஸ். படம் மட்டும் சரியாகச் சொன்னது 51 சதவீதம். நாணயம் சுண்டிப் பார்ப்பதைவிட அதிகமில்லை. உறிஞ்சிய நீரில் செல்களைத் தேடியது 59 சதவீதம். அந்த நீரில் சி.ஈ.ஏ. என்ற புரதத்தை அளந்தது 79 சதவீதம், ஒரு மில்லிலிட்டருக்கு 192 நானோகிராம் என்பதை எல்லையாக வைத்து. கருவிகள் அன்றைவிட இன்று மேம்பட்டவை என்பதையும், அறுவை வரை போன சிக்கலான கட்டிகளே அந்தக் கணக்கில் இருந்தன என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எப்படிப் படித்தாலும், ‘பார்த்தேன், சாதாரணம்’ என்ற ஒற்றை வரி அறிக்கைக்கு அது இடம் கொடுக்கவில்லை.

ஊசி இங்கேதான் வருகிறது. திரையில் பார்த்தபடியே, நடுவில் ரத்தக் குழாய் இல்லாத பாதையில், எண்டோஸ்கோப்பின் உள்ளிருந்து மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி நீரை உறிஞ்சுகிறோம். முடிந்தவரை ஒரே குத்தில் முழுவதையும் எடுத்துவிடுவது நல்லது. வெளியே வரும் நீரைப் பார்த்தாலே பாதி தெரியும். தண்ணீர் போல ஓடுகிறதா, பழுப்பாக இருக்கிறதா, பசை போல ஊசிக்குள்ளேயே சிக்கி வர மறுக்கிறதா? ஒரு துளியைக் கையுறை போட்ட கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து மெதுவாகப் பிரிப்போம். நூல் போல ஒரு சென்டிமீட்டர் நீண்டு, ஒரு நொடியாவது அறுந்துபோகாமல் நின்றால் அது சளி. செலவில்லாத சோதனை, இன்றும் நான் விடுவதில்லை. பிறகு ஆய்வுக்கூடம். கட்டி சிறிதாக இருந்தால் அங்கே அனுப்ப நீரே மிஞ்சாது: ஒரு சென்டிமீட்டர் கட்டிக்குள் இருப்பது அரை மில்லிலிட்டர்தான், இரண்டு சென்டிமீட்டர் என்றால் நான்கு. அதனால் எந்தச் சோதனைக்கு முன்னுரிமை என்பதை ஊசி போடும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். கணையம் சுரக்கும் நொதியான அமிலேஸ் லிட்டருக்கு 250 யூனிட்டுக்குக் கீழ் இருந்தால் போலி நீர்க்கட்டியை ஏறக்குறைய விலக்கிவிடலாம். சி.ஈ.ஏ. 5-க்கும் கீழ் என்றால் சளி வகையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. சில ஆண்டுகளாகக் குளுக்கோஸ் அளவு பிரபலமாகிவிட்டது: டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழ் என்றால் சளி வகை என்று ஊகிக்கலாம், சீரஸ் வகையில் ரத்தச் சர்க்கரைக்குச் சமமாக நிற்கும். வீட்டில் சர்க்கரை பார்க்கும் அதே சிறு கருவியில் ஒரு துளியை வைத்துப் பார்த்துவிடலாம் என்பதால் எங்கள் ஊர் வசதிக்கு மிகப் பொருத்தம். கிருமித் தொற்று இருந்தால் அதுவும் ஏமாற்றும்.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, சி.ஈ.ஏ. சளி வகையா இல்லையா என்பதை மட்டுமே சொல்கிறது. புற்றா இல்லையா என்று சொல்வதில்லை. 3,000 என்று அறிக்கை வந்து, ‘எல்லாம் முடிந்துவிட்டது’ என்று அழுதுகொண்டு வரும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதற்கு அந்தப் பொருள் கிடையாது. ரத்தத்தில் பார்க்கும் சி.ஈ.ஏ.யோடும் இதை ஒப்பிடக் கூடாது. இரண்டாவது, செல் சோதனையில் ‘புற்றுச் செல்கள் காணப்படவில்லை’ என்று வருவது ‘புற்று இல்லை’ என்பதற்குச் சமமாகாது; பல நேரம் அந்த நீரில் செல்களே போதிய அளவு இருக்காது. அம்மாவின் கட்டி நடுப்பகுதியில் இருப்பதால் ஊசி இரைப்பைச் சுவரைக் கடந்துதான் போகும். வழியில் இரைப்பையின் சளியும் செல்களும் ஒட்டிக்கொண்டு வரலாம். அறிக்கையில் ‘சளி உள்ளது’ என்று இருந்தால் எந்தச் சளி என்று கேளுங்கள். மரபணுச் சோதனை இந்தக் குழப்பத்தைக் குறைக்கிறது: ஜி.என்.ஏ.எஸ். மாற்றம் இருந்தால் ஐ.பி.எம்.என்., வி.எச்.எல். மாற்றம் மட்டும் இருந்தால் சீரஸ் வகை என்று நல்ல உறுதியோடு சொல்லலாம். ஊசிக்குள்ளேயே நுழையும் குட்டி இடுக்கியால் சுவரைக் கிள்ளி எடுக்கும் முறையும் வந்திருக்கிறது. சாதாரண ஊசியைவிட அதில் விடை தெளிவாகக் கிடைக்கிறது, சிக்கல்களும் அதிகம். 22 மில்லிமீட்டர் கட்டிக்கு அதை நான் முதலில் எடுக்க மாட்டேன்.

ஊசி குத்தினால் நோய் பரவிவிடுமா என்ற பயத்துக்கு வருகிறேன். அது மூடநம்பிக்கை இல்லை. சளிக் கட்டியில் ஊசி போட்ட பிறகு வயிற்றறைக்குள் செல்கள் பரவியதாகத் தனித்தனி நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. ஜப்பானிய மருத்துவர்கள் இதற்காகவே நீர்க்கட்டிக்கு ஊசி போடுவதை நெடுங்காலம் தவிர்த்து வந்தார்கள். மேற்கத்திய மையங்களின் அனுபவத்தில் அப்படிப் பரவுவது மிக அரிது, அதனால் அங்கே தாராளமாகப் போடுகிறார்கள். என் நிலைப்பாடு நடுவில்: முண்டோ, விரிந்த முதன்மை நாளமோ தெளிவாகத் தெரிந்து, அறுவை எப்படியும் செய்தாக வேண்டும் என்றால் ஊசி எதற்கு? அது முடிவை மாற்றப் போவதில்லை. சாதாரணமாக நடக்கக்கூடிய ஆபத்துகள் வேறு. ஊசி பட்டுக் கணைய அழற்சி வருவது நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு, கட்டிக்குள் லேசான ரத்தக்கசிவு, அரிதாகத் தொற்று. ஊசி போடாமல் பார்க்க மட்டும் செய்யும் இ.யு.எஸ். ஏறக்குறைய சாதாரண எண்டோஸ்கோப்பி அளவுக்கே பாதுகாப்பானது. ஒப்புதல் படிவத்தில் இரண்டும் ஒரே வரியில் இருப்பதால் பலருக்கு இது தனித்தனி என்பதே தெரிவதில்லை. ‘முதலில் பாருங்கள், தேவைப்பட்டால் மட்டும் குத்துங்கள்’ என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அம்மாவுக்கு இது தேவையா? மஞ்சள் காமாலை, 5 மில்லிமீட்டருக்கு மேல் முண்டு, 10 மில்லிமீட்டரைத் தொட்ட முதன்மை நாளம் ஆகியவை உச்ச எச்சரிக்கைகள். 30 மில்லிமீட்டரைத் தாண்டிய அளவு, 5 முதல் 9 மில்லிமீட்டர் வரை விரிந்த நாளம், தடித்த சுவர், கணைய அழற்சி, ஓராண்டுக்குள் புதிதாக வந்த அல்லது திடீரென்று கட்டுமீறிய சர்க்கரை, ஆண்டுக்கு 2.5 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ச்சி ஆகியவை அடுத்த நிலைக் கவலைகள், ஐ.பி.எம்.என்.னுக்காக 2024-ல் வெளியான கியோட்டோ வழிகாட்டுதல் இப்படித்தான் பிரிக்கிறது. இவற்றில் ஒன்றும் இல்லாமல், எம்.ஆர்.ஐ.யில் கட்டி கிளை நாளத்தோடு இணைந்திருப்பது தெளிவாகத் தெரிந்தால், இ.யு.எஸ்.ஸுக்கு அவசரம் இல்லை. 20 முதல் 30 மில்லிமீட்டர் வரையுள்ள அத்தகைய கட்டிக்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு முறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை படம் எடுத்துப் பார்ப்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. ஆனால் உங்கள் அம்மா பெண், கட்டி ஒற்றை, இடம் நடுப்பகுதி. நாளத்தோடு தொடர்பு உண்டா என்று அறிக்கை பேசவே இல்லை. இந்த நிலையில் சீரஸ், எம்.சி.என்., கிளை நாள ஐ.பி.எம்.என். மூன்றுமே களத்தில் இருக்கின்றன, மூன்றுக்கும் போகும் வழி வேறு: முதலாவதை விட்டுவிடலாம், இரண்டாவதைச் சிறிதாக இருக்கும்வரை கண்காணிக்கலாம் அல்லது உடல் தாங்கும் வயதிலேயே அகற்றிவிட்டு நிம்மதியாகலாம், மூன்றாவதைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே உங்கள் மருத்துவர் சொன்னது நியாயமான ஆலோசனைதான் என்று எனக்குப் படுகிறது. 70 வயதைத் தாண்டி, இதயமோ நுரையீரலோ பலவீனமாகி, அறுவையைத் தாங்கவே முடியாத ஒருவராக இருந்தால் இதே கட்டிக்கு ‘பார்க்கவே வேண்டாம்’ என்று சொல்லியிருப்பேன்.

போவதற்கு முன் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறாரா என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எதை எப்போது நிறுத்துவது என்பதை நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். எம்.ஆர்.ஐ.யின் அறிக்கைத் தாள் மட்டும் போதாது, படங்கள் உள்ள குறுந்தகடும் வேண்டும். இன்னொன்று: பீரோவில் பழைய ஸ்கேன் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். சிறுநீரகக் கல்லுக்காகவோ கர்ப்பப்பைப் பிரச்சினைக்காகவோ ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் எடுத்த சி.டி. என்றால் மிக நல்லது. அதன் அறிக்கையில் கணையத்தைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்க மாட்டார்கள். பரவாயில்லை, படத்தை மறுபடி பார்க்கச் சொல்லலாம். அன்றும் இதே இடத்தில் இதே அளவில் கட்டி இருந்திருந்தால், ஊசியில் வரும் எந்த எண்ணையும்விட அதற்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். பழைய அல்ட்ராசவுண்ட் அறிக்கையில் ‘குடல் காற்றினால் கணையம் தெரியவில்லை’ என்று மட்டும் இருந்தால், அன்று கட்டி இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.